ஊதட்டுமா?

என் அன்பான வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

இந்த ஊரில் நான் வேலை பார்க்கும் லாண்டரியில் இஸ்திரிப்பெட்டி விரலைச் சுட்டுவிட்டது, பயப்படாதீர்கள், கடுகளவுதான். சங்கதி அதுவல்ல! நேற்று நீங்கள் அடுப்படிக்குப் போனபோது நம் சிட்டு வீடியோ போனில் என் விரலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டாள். அடுத்தவர் சொன்னதை மட்டுமே திருப்பிச் சொல்லும் பிள்ளை, நான் வாய் திறக்குமுன், "வலிக்குதா? ஊதட்டுமா?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் திரையில் ஊதவும் ஊதினாள்!

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு இப்படித்தான் மெல்ல வரும் என்று பயிற்சி டீச்சர் சொன்னதை நம்பி, அவள் விழும்போதெல்லாம் இதையே சொல்லிச் சொல்லி ஊதியது நீங்கள்தானே!

விருந்தாளிகள் முன்னால் "சொல்லு, சொல்லு" என்று அவளைப் படுத்தாதீர்கள். தானாகப் பேசும்போது பதிவு செய்து அனுப்புங்கள், எதுவானாலும் சரி. என் அறையில் பேச்சுச் சத்தமே இல்லை.

வேலை மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

சிட்டின் அம்மா