உருண்டை நார்

மார்ச் 4

"நெய்யாததெல்லாம் ஒரு துணியா மாமா?" என்று மச்சான் இன்றும் போனில் கிண்டல். நாரைப் பரப்பிச் சூட்டில் அழுத்தினாலும் துணிதான். அதைச் சோதித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இன்று புதுச் சுருள் வந்தது. வழக்கமான நாரைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று இதழ் தெரியும், இது உருண்டை. கன்னத்தில் வைத்தால் அவ்வளவு மெத்து. அதை மேலே போட்டு, அடியில் பஞ்சு வைத்துச் செய்த, சிறுநீர் உறிஞ்சும் படுக்கை விரிப்புகள் சிலவற்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன். மனைவி கையால் தடவிப் பார்த்தாள்.

"இத்தனை மாசமா என்னைச் சாக்குலதான் படுக்க வெச்சிருந்தீங்களா?"

விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுத்த பிறகு அவள் இப்படிச் சிரித்ததே இல்லை.

மார்ச் 9

கேட்டு வாங்கிப் படுக்கிறாள்.

மார்ச் 17

துடைப்பதற்காகத் திருப்பினேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கையளவு தோல் உரிந்திருக்கிறது. தினமும் துடைக்கிறேனே, கண்ணை எங்கே வைத்திருந்தேன்? "வலிக்குதா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். அங்கேதான் அவளுக்கு உணர்ச்சியே இல்லையே.

மார்ச் 18

ஆய்வகத்தில் இரண்டு துணியிலும் சொட்டுச் சொட்டாக நீர் விட்டேன். மூன்று இதழ் நாரின் பள்ளங்கள் வழியே ஈரம் ஓடி அடிப்பஞ்சுக்கு இறங்கிவிட்டது. உருண்டை நாரில் பள்ளம் ஏது? மேலேயே நின்றது. ஒரே பிளாஸ்டிக், ஒரே எடை. வடிவம் மட்டும்தான் வேறு. பதினொரு வருஷமாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு விட்டுப் பாக்கணும்னு — ஏன்டா தோணல உனக்கு?

மார்ச் 19

பழைய விரிப்பைப் போட்டேன். "மெத்துனு இருந்தது தீந்துடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 2

காய்ச்சல் இறங்கவில்லை. புண் எலும்புவரை போய்விட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போங்க, நான்தானே கேட்டு வாங்கினேன்" என்று என் தலையைத் தடவினாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 11

போய்விட்டாள்.

மே 6

வேலைக்குத் திரும்பினேன். என் மேஜையில் உருண்டை நார் விரிப்பின் சோதனை அறிக்கை. நான் கையெழுத்துப் போட்டால் விற்பனைக்குப் போய்விடும். மேலாளர் பக்கத்திலேயே நின்றார்.

"தொட்டுப் பாத்த எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஒருத்தர்கூட குறை சொல்லல."

"எங்க வீட்லயும் சொல்லல சார்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நிராகரிப்பு என்று எழுதினேன். காரணம்: நாரின் வடிவம், மேலே ஈரம் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் அதற்குமேல் எழுத இடமில்லை.