ஆறு மணிக்குள் திருப்பித் தரணும்

ஜூன் 9

மாதா துணை

அன்புள்ள நெட்டைக்கு,

போனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அதே ஓட்டல், அதே சலவைக்கூடம், மலை மாதிரி படுக்கை விரிப்பு. இஸ்திரி ஆவியில் முகம் நனைந்துதான் இருக்கும் என்பதால் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. அந்த ஒரு வசதி.

விஷயம் இதுதான். உன் செல்லம், என் மகள், நம் மாதா கோயில் பங்கின் ஓட்ட அணியில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீயும் நானும் ஓடினோமே, அதே அணி, அதே மஞ்சள் பனியன். போன வருடம் முழுக்க அவள் அப்பாவும் அவளும் காலையில் எழுந்து மைதானத்தைச் சுற்றியது இதற்குத்தான். அந்த மைதானத்தில்தான் அவர் போய்ச் சேர்ந்தார். ஓடப் போன மனுஷன் வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட நான் இப்போது ஏறுவதில்லை.

சேரும் பிள்ளைகளை ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள், நினைவிருக்கிறதா? பெற்றவர்கள் தலையில் கை வைத்து, கோயிலில் இருக்கிற எல்லாரும் கேட்க, "இந்தப் பிள்ளையைக் கொடுக்கிறேன்" என்று சொல்லணும். சொன்னால்தான் பனியன். அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. போன ஞாயிறு இவளைக் கூட்டிப்போய் நின்றேன். அவளுக்கு முன்னால் நின்ற பிள்ளைகளின் அப்பா அம்மா எல்லாம் கணீரென்று சொன்னார்கள். என் முறை வந்தது. கை தலைமேல் இருக்கிறது, வாய் திறக்கவில்லை. கொடுக்கிறேன் என்று நான் எப்படிச் சொல்வது? ஒருவரைக் கொடுத்து இன்னும் வருடம் திரும்பவில்லையே.

ஃபாதர் குனிந்து, "சொல்லுங்கம்மா, அடுத்து ஞானஸ்நானம் இருக்கு, குழந்தை அங்க வீல்வீல்னு அழுவுது" என்றார். நான் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. "சாப்பிடுறியா?" என்றால் "ம்". "தலை வாரவா?" என்றால் "ம்ஹூம்". நேற்றுதான் வாய் திறந்தாள். "அப்பாவா இருந்தா சத்தமா சொல்லியிருப்பாரு" என்றாள். உண்மைதான். உண்மை என்பதால்தான் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அடுத்த மாத முதல் ஞாயிறு இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். அதோடு இந்த வருடத்துக்கு முடிந்தது. வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை எழுதுடி. நெட்டை அத்தையே வேண்டாம் என்கிறாள் என்று அவளிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உருளை

ஜூன் 21

என் உருளைக்கு,

வேண்டாம் என்று எழுத நல்ல ஆளைப் பிடித்தாய். நான் எழுத மாட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரியம்மா "என்னடி, யாராவது பொண்ணு கேட்டு எழுதியிருக்காங்களா, இந்த வயசுல?" என்றாள். எனக்கு அந்தத் தொடர் ஓட்டம் ஞாபகம் வந்துவிட்டது. நான் மூச்சு வாங்க ஓடி வந்து கோலை நீட்டுகிறேன். நீ கையைப் பின்னால் நீட்டாமல் நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டிருக்கிறாய்! கோல் உன் முழங்கையில் இடித்து, பக்கத்துக் கோட்டில் ஓடினவள் காலுக்குள் உருண்டது. கோச் சார், "ஜெபத்தை முன்னாடியே முடிச்சுட்டு வரக்கூடாதாடி!" என்று கத்த, ஃபாதர் ஓடிவந்து, "செபிக்கிற பிள்ளையைத் திட்டாதீங்க சார்" என்று அவரோடு மல்லுக்கு நிற்க, கடைசியில் வந்த நாம் இருவரும் வண்டியில் வீடு வரைக்கும் சிரித்தோம். சுண்ணாம்புக் கோடு ஒட்டின கால், வியர்வையில் முதுகோடு ஒட்டின பனியன். அதற்கப்புறம் அப்படிச் சிரித்திருக்கிறோமா, சொல்.

உன் வீட்டு அண்ணன் உயிர் போனது ஓட்டத்தால் இல்லை. இதயத்தில் ரொம்ப நாளாகவே கோளாறு இருந்தது என்று டாக்டர் சொன்னதை நீதானே எனக்குச் சொன்னாய். தெரிந்தும் பயம் போகவில்லை என்றால் அது வேறு. பயந்துகொண்டே அனுப்பு. நம் அம்மாக்கள் மட்டும் பயப்படாமலா அனுப்பினார்கள்?

குட்டிக்கு என் முத்தம்.

உன்
நெட்டை

ஜூலை 18

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அதை அடுப்பிலேயே போட்டிருப்பேன். இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டேன். பதிலுக்கு நீ பேசாததால் நான்தான் ஜெயித்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன்.

தலையில் கை வைத்தேன். ஃபாதர் இந்தத் தடவை அவசரப்படுத்தவில்லை. எனக்கு எப்படி வாய் வந்ததோ, "இவளைக் கொடுக்கல ஃபாதர். அனுப்பத்தான் செய்றேன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திருப்பித் தரணும்" என்றேன்.

இப்போது அணிக்குக் கோச் ஒரு சின்னப் பெண். அவள் முதல் வரிசையில் எழுந்து நின்று, "தந்துடுறேங்க்கா" என்றாள். பின்னாலிருந்து ஓர் அம்மா, "எனக்கும் அதே மாதிரிம்மா, நான் போன தடவை தெரியாம கொடுத்துட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதரும்.

அன்றிலிருந்து தினமும் கோச்சே தெருமுனை வரை கூட்டிவந்து விட்டுப் போனாள். நேற்று ஆறு தாண்டியும் வரவில்லை. கதவைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியாது, செருப்போடு ஓடினேன். அந்த மைதானத்து ரோட்டில் மாதக்கணக்காகக் கால் வைக்காதவள் ஓடினேன்.

அவள் கடைசி வளைவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போனால், மடியில் ஒரு சின்னப் பெண்ணின் கால். ஓடும்போது பிசகிவிட்டதாம், அதன் வீட்டில் ஆள் வரும்வரை இவள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளாம். கோச்தான், "இவதான் அக்கா முதல்ல வந்துட்டிருந்தா, இந்த வளைவுல நின்னுட்டா. போட்டியில இப்படி நிக்கலாமா, நீங்களே கேளுங்க" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். சொன்னாள்.

"அப்பா எப்பவும் கடைசி வளைவுல முடியலன்னு நடிச்சு உக்காந்துடுவாரும்மா, நான் ஜெயிக்கணும்னு. அன்னைக்கும் அப்படித்தான்னு நினைச்சேன். நிக்காம ஓடி முடிச்சுட்டு ரெண்டு கையையும் தூக்கினேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்."

இத்தனை மாதம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருக்கிறாள், நெட்டை. நான் என் துக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

"நான் கையத் தூக்கினதை அப்பா பார்த்திருப்பாரா?" என்று கேட்டாள்.

"பார்த்திருப்பாருடி" என்றேன். "அதைப் பார்க்கத்தானே அவரு தினமும் உக்காருவாரு."

அதற்கப்புறம் ரோட்டோரத்திலேயே நின்று இருவரும் அழுதோம். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அவர் பார்த்தாரா என்று எனக்கு எங்கே தெரியும்? ஆனால் அப்படிச் சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்? எழுது.

உன்
உருளை