சபையில் ஒரு மனு

மேன்மை தங்கிய மகாராஜாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை உங்கள் அப்பா மூச்சுத் திணறிச் சரிந்தபோது மாடியறைக் கதவை இடித்துப் பார்த்தேன். நீங்கள் உள்ளே தாழிட்டு, வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாடு ஆண்டுகொண்டிருந்தீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை மாமாவை நம் மகளிடம் விட்டுவிட்டு, அவளுடைய ஹெட்செட்டோடு உங்கள் விளையாட்டுக்குள் வந்தேன்.

என்ன சபை! அரியமங்கலம் பட்டறை முதலாளிகள் தளபதிகளாம். மகளின் கணக்கு வாத்தியார் சாமரம் வீசுகிறார். அவர்கள் நடுவே நின்று, "மாமாவுக்கு முடியலைங்க, கீழே வாங்க" என்றேன். என் குரல் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. "சபை நடக்குதுடி, மானத்த வாங்காத" என்று முணுமுணுத்தீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "பெண்ணே, உன் குறை நாளை தீர்க்கப்படும்" என்றீர்கள். சபை கைதட்டியது.

ஆஸ்பத்திரியில் மாமா பிழைத்துவிட்டார். "அவன் எங்கம்மா?" என்று கேட்டார். உங்களுக்காக ஒரு பொய் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். "என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதம்மா" என்றார்.

மூவரும் திருவெள்ளறையில் என் அண்ணன் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. உங்களிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. கீழே யாரும் இல்லை என்பதே இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் உங்களுக்குத் தெரியப்போகிறது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்