பஸ் கூரையில் மூன்று நோட்டு

1987 செப்டம்பர், வியாழன்.

சின்னசேலம் தாண்டியதும் இடஒதுக்கீட்டு மறியல். மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். எங்களை இறக்கிவிட்டு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். விடுமுறை முடிந்து ரஷ்யாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கூரையில் என் பெட்டி. அதில் மூன்று நோட்டு. அங்கே மருத்துவம் படித்த இரண்டு வருடமாக ஒவ்வொரு ரஷ்ய மருத்துவ வார்த்தைக்கும் தமிழில் பொருள் எழுதிவைத்தது. அது இல்லாமல் அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வில் நிற்க முடியாது. தோற்றால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏணியில் ஏறினேன். காலைப் பிடித்து இழுத்தவன் மறியலில் நின்ற சேகர். பள்ளியில் ஒரே பெஞ்சு. எங்கள் சாதிதான்.

"இன்னா டாக்டரு, நம்ப ஜனத்துக்கு இங்க ஒரு சீட்டு இல்ல. நீ மட்டும் வெள்ளக்காரன் ஊர்ல படிச்சிக்கினு இருக்க. எரியட்டும் வுடு."

"நோட்ட மட்டும் எடுத்துக்கறன்டா."

"ஊருக்கே இல்லாத படிப்பு உனக்கு இன்னாத்துக்கு?"

அவன் கேட்டது நியாயம். அதனால்தான் ஆத்திரம் தலைக்கேறியது. கல்லை எடுத்து முகத்தில் அடித்தேன். விழுந்தான். மறுபடியும் அடித்தேன். அதற்குள் கூரை முழுவதும் பற்றிக்கொண்டது.

வாயை மூட முடியாமல் கிடந்தான். பழக்கத்தில் குனிந்து தாடையைத் தடவினேன். இடப்பக்கம் எலும்பு முறிந்திருந்தது. அதை ரஷ்ய மொழியில் முழு வாக்கியமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடி வந்துவிட்டேன்.