பின்சீட்டில் பெரியப்பா

1998 பிப்ரவரி 11, குரோஸ்னி, செச்சேனியா

இன்றும் எந்த நாடும் எங்களை ஏற்றுக்கொள்ளவில்லை. ரஷ்யாவோடு போர் முடிந்து, நாங்கள் ஜெயித்து, ஒன்றரை வருடம் ஆகிறது. உலகத்துக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. வெளியுறவுத் துறையில் தட்டச்சு செய்கிறவள் நான். உறவுதான் இல்லையே தவிர, துறை நன்றாக நடக்கிறது.

என் தம்பி ஹவாஜ்தான் துணை அமைச்சர். பல் டாக்டருக்குப் படித்துப் பாதியில் துப்பாக்கி எடுத்தவன். இப்போது ஜெனரலும்கூட. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு ஜெனரல்கள் இருக்கிறார்கள். சாதாரண சிப்பாய்தான் தேடினாலும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 14

ஹவாஜ் ஒரு காரியம் செய்துவிட்டான். பெரியப்பா துக்வாஹா வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று தன் காருக்கு டிரைவராகப் போட்டுவிட்டான். அப்பாவுக்கே அண்ணன் அவர். அவருக்கு எதிரில் நாங்கள் உட்கார முடியாது, அவன் சிகரெட் பிடிக்க முடியாது. பெரியவரிடம் "வண்டிய எடுங்க" என்று சொல்ல எந்தச் செச்சேனியனுக்கு நாக்கு வரும்?

ஆக, அமைச்சர் ஓட்டுகிறார். டிரைவர் ஆட்டுத்தோல் தொப்பியோடு பின்சீட்டில் வலது ஓரமாக உட்கார்ந்து வருகிறார். வாசல் காவல்காரர்கள் பின்சீட்டுக்குத்தான் சல்யூட் அடிக்கிறார்கள்.

பிப்ரவரி 20

அமைச்சரவைக் கூட்டம், குறிப்பெடுக்க நானும் இருந்தேன். நடுவில் பெரியப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மொத்த அரசாங்கமும் எழுந்து நின்றது. ஹவாஜ் எரிகிற சிகரெட்டை உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்கிவிட்டான். பதினைந்து வயதிலிருந்து அவனுக்கு இதே பழக்கம். இடது கை பூராவும் வடு.

"உக்காருங்கப்பா, உக்காருங்க. சுலாய், டீ இருக்காம்மா?" என்றார் பெரியப்பா, என்னைப் பார்த்து.

அவர் குடித்து முடிக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை. எங்கள் சுதந்திரத்தைப் பற்றிய தீர்மானம் நின்றபடியே நிறைவேறியது.

ஏப்ரல் 2

முதல் முறையாக எங்களுக்கு ஒரு மடல் வந்திருக்கிறது. எங்கோ கடலோரத்தில் இருக்கிற ஒரு மாகாணம், தானும் தனி நாடு என்று அறிவித்துவிட்டதாம். முதலில் நாங்கள் அவர்களை ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். ஹவாஜுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, உடனே பதில் அடி. மனமுவந்து ஏத்துக்கிறோம்னு போடு."

"நம்ம பேரையே யாருக்கும் தெரியாதேடா."

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குல்ல?"

அடித்தேன். மூன்று முத்திரை குத்தினான். தபால் எப்படிப் போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்கள் தபால் தலையை மலைக்கு அந்தப் பக்கம் யாரும் மதிப்பதில்லை.

ஜூன் 9

ஹவாஜ் இஸ்தான்புல் போகிறான், நாட்டுக்கு ஆதரவு கேட்க. எங்கள் பாஸ்போர்ட் மேஜையிலேயே பத்திரமாக இருக்கிறது. ரஷ்யப் பாஸ்போர்ட்டில்தான் போகிறான். வேறு எதை நீட்டினாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்களே.

செப்டம்பர் 17



தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்த துருக்கிக்காரர் யில்மாஸ் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். இப்போது வெளிநாட்டுக்காரன் என்றாலே கடத்திவைத்துப் பணம் கேட்கிறார்கள். ஊரிலேயே நன்றாக நடக்கிற தொழில் அது ஒன்றுதான். சாயங்காலம் ஜீப்பில் ஏழெட்டுத் தாடிகள் வந்து நின்றார்கள். போன போரில் ஹவாஜோடு ஒரே குழியில் படுத்திருந்த பையன்கள். ஹவாஜ் ஊரில் இல்லை.

பெரியப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டு உட்கார்ந்தார். பையன்கள் சட்டென்று நிமிர்ந்து நின்றார்கள். துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளினார்கள்.

"யாரு, ஆலாவுதியோட பேரனா? ரஷ்யாக்காரன் நம்ம ஜனத்தையே கஜக்ஸ்தானுக்கு நாடு கடத்தினப்ப, உங்க தாத்தாவும் நானும் ஒரே ரொட்டியப் பிச்சுத் தின்னோம். என்னப்பா வேணும்?"

"ஒண்ணுமில்லைங்க... சும்மா, இந்தப் பக்கமா வந்தோம்."

"வந்தவங்க சாப்பிட்டுப் போங்க. சுலாய்!"

சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கறியும் மாவுக் கொழுக்கட்டையும், பூண்டுச் சாறு ஊற்றி. கடத்த வந்தவர்களுக்கே யில்மாஸ்தான் தட்டு எடுத்துக் கொடுத்தார். எங்களிடம் ஒழுங்காக வேலை செய்கிற சட்டம் இது ஒன்றுதான். அதை யாரும் எழுதி வைக்காததால் தப்பித்தது.

1999 அக்டோபர் 24

குண்டு. மறுபடியும் ரஷ்யா. சந்தை, மருத்துவமனை, எங்கள் அலுவலகம். தட்டச்சு இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

ஹவாஜ் மலைக்குப் போய்விட்டான். "ரெண்டே மாசம்க்கா. பெரியப்பாவப் பாத்துக்க." பெரியப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தச் சண்டையை எல்லையில் போய்க் கிளப்பிவிட்டு வந்த வீரர்களை எங்கும் காணோம்.

2000 ஜனவரி 20, பக்கத்து இங்குஷேத்தியா, அகதிகள் கூடார முகாம்

கடைசியில் ஒருவர் எங்களை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆப்கானிஸ்தானின் தாலிபான். அவர்களை ஏற்றுக்கொண்டவர்களே மொத்தம் மூன்று பேர்தான். பெரியப்பாவிடம் சொன்னேன்.

"நல்லதும்மா. எந்தக் கூடாரத்துல நடக்குது விழா?"

2002 மே 6, குரோஸ்னி

திரும்பி வந்துவிட்டோம். ஊர் இப்போது ரஷ்யர் கையில். வீட்டில் பாதிக் கூரை இருக்கிறது. ஹவாஜ் உயிரோடு இருக்கிறானா தெரியவில்லை. ஜீப் வரும் சத்தம் கேட்டால் பெரியப்பா முக்காலியோடு வாசலுக்குப் போய்விடுகிறார். ஹவாஜ் வந்தாலும் வருவான், ஆள் பிடிக்கிறவன் வந்தாலும் வருவான், இரண்டுக்கும் ஒரே முக்காலி.

2003 ஜூலை 12

எழுதவா வேண்டாமா? எழுதுகிறேன்.

மதியம் முகமூடி போட்டவர்கள் வந்தார்கள். ரஷ்யர்கள் இல்லை, நம்மவர்கள். செச்சேனிய மொழியிலேயே ஏசினார்கள். ரஷ்யாவுக்குக் கீழே இப்போது எங்களுக்கென்று சொந்தப் படை இருக்கிறதாம், இதையும் சுதந்திரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த இரண்டு போராளிகளுக்குப் பெரியப்பா ரொட்டி கொடுத்தாராம்.

"வாசலுக்கு வந்தவனுக்குக் குடுத்தேன். யாருன்னு கேக்குறது நம்ம வழக்கமா?" என்றார், முக்காலியில் உட்கார்ந்தபடியே.

ஒருவனும் நிமிரவில்லை. ஒருவன் எங்கள் மரத்து ஆப்ரிகாட்டைத் தின்றுவிட்டுக் கொட்டையை அவர் காலடியில் துப்பினான். முகம் இருந்தால்தானே தாத்தா பேரைச் சொல்லிக் கேட்கலாம்? முகமூடிக்குப் பெரியவர் யார், சின்னவர் யார்?

வண்டி ஓட்டி வந்தவன் மட்டும் இறங்காமல், முகமூடியை உதடு வரைக்கும் தூக்கிவிட்டுச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியப்பாவை வண்டிக்குக் கொண்டுபோனார்கள். அவர் கிட்டே வந்ததும் அவன் சட்டென்று இறங்கி நேராக நின்றான். எரிகிற சிகரெட்டை இடது உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்கினான்.

ஐயோ, டேய். டேய் ஹவாஜ்.

வீட்டைக் காட்ட ஒரு ஆள் வேண்டும் அல்லவா அவர்களுக்கு. மலையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவனை நம்ப இப்படி ஒரு சோதனை வைக்க வேண்டும் அல்லவா.

பெரியப்பாவும் பார்த்துவிட்டார். பேரைச் சொல்லவில்லை. "நீயே ஓட்டுப்பா. நான் எப்பவும்போல பின்னால உக்காந்துக்கிறேன்" என்றார். அவன்தான் கதவைத் திறந்துவிட்டான்.

ஜூலை 13

வரவில்லை.

அக்டோபர் 1

எல்லா அலுவலகத்திலும் கேட்டுவிட்டேன். அப்படி யாரையும் பிடிக்கவில்லையாம். எங்கள் நாட்டைப் போலவே ஆகிவிட்டார் பெரியப்பாவும். இருந்தார் என்று ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

2005 நவம்பர் 3

அலுவலகத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறது. மேலே வேறு கொடி, அதே மாடி, அதே அறை, அதே துணை அமைச்சர். சரணடைந்தவர்களுக்கு மன்னிப்போடு நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். விடுதலைக்காக இத்தனை பேர் செத்ததில், மிச்சம் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு.

வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான் போனேன்.

"பெரியப்பா எங்கடா?"

"விசாரிச்சிட்டு இருக்கோம்க்கா."

முன்பு உலக நாடுகளைப் பற்றிச் சொல்லும்போதும் இதே குரல்தான்.

வீட்டில் விடுகிறேன் என்று கீழே வந்தான். டிரைவர் பையனை அனுப்பிவிட்டுத் தானே சாவியை வாங்கினான். நான் பின்கதவைத் திறந்தேன்.

"அங்க வேண்டாம்க்கா. முன்னால வா."

"ஏன்?"

"சும்மாதான். அங்க யாரையும் உக்கார விடறதில்ல."

யாருக்காக வைத்திருக்கிறான், திரும்பி வருகிறவருக்காகவா என்று ஒரு நொடி நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். இன்று முகமூடி இல்லை. வரப்போகிறவருக்கு இடம் வைத்திருக்கிற முகம் இல்லை அது.

பின்னால் ஏறி வலது ஓரமாக உட்கார்ந்தேன்.  ஹவாஜ் முன்னால் ஏறி, பின்சீட்டைக் காட்டுகிற கண்ணாடியை மேல்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.