ஐந்தாவது குதிர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சித்தியும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடுதான் இதைத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், டாக்டர் நடக்கச் சொன்னால் உட்காருவார், உட்காரச் சொன்னால் நடப்பார், அவரைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஆற்றங்கரைத் தானியக் கிடங்கை இடித்துவிட்டார்கள்.

உனக்கு அது பூட்டிக் கிடந்த கட்டடமாகத்தான் தெரியும். நான் கல்யாணமாகி வந்தபோது இந்த ஊர் அடுப்பெல்லாம் அதை நம்பித்தான் எரிந்தது. கோதுமையும் சோளமும் படகில் வந்து இறங்கும், வாளிகள் கோத்த பெல்ட் அதை அள்ளிக்கொண்டு போய், அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்துச் சிமெண்ட் உருளைகளில் கொட்டும். அந்த உருளைகளைத்தான் குதிர் என்போம். பெல்ட்டை ஓட்டியது அப்பா, குதிர்களைப் பார்த்துக்கொண்டது சித்தப்பா. வெளியே காயப்போட்ட துணியில் தவிடு படிகிறதென்று நானும் சித்தியும் அறைக்குள்ளேயே கொடி கட்டியிருந்தோம். அண்ணனும் தம்பியும் புருவமெல்லாம் வெளுத்து வீடு திரும்பினால், ரெண்டு கிழவனுங்க வர்றாங்க பாருக்கா என்று சித்தி சிரிப்பாள்.

சித்தப்பா விபத்தில் போனார் என்று மட்டும்தான் சொல்லி உன்னை வளர்த்தோம். நீயும் ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டாய், முழுதும் தெரிந்துகொள். அந்த வருஷம் மழையில் நனைந்த கோதுமை வந்து சேர்ந்தது. ஐந்தாவது குதிரில் அது கட்டிதட்டி, அடிக்கதவைத் திறந்தும் இறங்கவில்லை. மேலே பாளமாக நின்றதைக் கம்பியால் குத்திவிடச் சித்தப்பா இறங்கினார். இடுப்புக் கயிறு வரட்டும்டா என்று அப்பா சொல்லியிருக்கிறார், படகு காத்துக் கிடக்குது என்று மேஸ்திரி விரட்டியிருக்கிறான். பாளம் உடைந்து, புதைமணல் மாதிரி கோதுமை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. வெளிச்சுவரைக் கடப்பாரையால் உடைத்துத் தானியத்தைச் சரித்துவிட்டுத்தான் அவரை எடுக்க முடிந்தது, முதலில் கை பட்டது அப்பாவுக்கு. அடுத்த மாதமே சுவரைப் பூசி மறுபடியும் நிரப்பினார்கள். அப்பா அதே பெல்ட்டை ஓட்டினார், வேறு வேலை ஏது. பிறகு லாரிகள் வந்தன, படகுகள் நின்றன, கிடங்கைப் பூட்டினார்கள்.

சித்தி அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. அவளுக்கென்று பிள்ளை இல்லை, உனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்ததெல்லாம் அவள்தான். கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

போன வாரம் இடிக்கிற மெஷின் வந்தது. ஐந்தாவது குதிரின் முறை வந்த அன்று, நானும் வரேன் என்று சித்தி செருப்பை மாட்டிக்கொண்டாள். மூவரும் போனோம். சுவர் சரிந்ததும், எத்தனையோ வருஷமாக அடியில் ஒட்டிக் கிடந்த கோதுமை கறுப்பாகக் கொட்டியது. தூசி அடங்குமுன்னே புறாக்கள் வந்து இறங்கிவிட்டன. சித்தி தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடினாள். தின்னாதீங்க, அதைத் தின்னாதீங்க என்று கையை வீசி வீசி விரட்டினாள். மெஷின்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். அப்புறம் அவள் அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் எழுப்பப் போனேன், விடு, அழட்டும் என்றார் அப்பா. அவள் அழுது ஓய்கிறவரை, வலிக்கிற காலோடு சுற்றிச் சுற்றி நடந்து புறாக்களை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் சித்தியிடம் கொடுக்கச் சொல். இதையெல்லாம் கேட்காதே, பேத்தியைப் பேசவிடு, போதும். குளிரில் பிள்ளைக்குக் காதை மூடிவிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழவேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா