வாசலில் சொல்லாதது

ஆகஸ்ட் 18, 1986. திங்கள்.

ஹெலன் இண்டைக்கு ரெண்டு ஊன்றுகோலோட கிளினிக்குக்கு வந்தா. இந்த நாட்டில ஆகஸ்ட் பனிக்காலமெல்லோ, சனிக்கிழமை பனிச்சறுக்கப் போன இடத்தில விழுந்து இடது முழங்கால் சவ்வு கிழிஞ்சிட்டுதாம்.

மலைக்குப் போக முதல் ஆறு கிழமையா அவவுக்குக் கால் பயிற்சி குடுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில ஒற்றைக்காலில குந்தி எழும்பச் சொன்னன். இடது முழங்கால் உள்ளுக்குச் சரிஞ்சுது. இந்தக் கால் மலையில தாங்காது எண்டு சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ள அவ பையைத் தோளில போட்டுக்கொண்டு வாசலுக்குப் போயிட்டா. பயணம் வெளிக்கிடுற ஆளை மறிச்சு, விழுவாய் எண்டு எங்கட ஆக்கள் ஆராவது சொல்லுவினமோ? சந்தோஷமாப் போயிட்டு வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டு, முழங்கால் சரிஞ்சதை அவவின்ர கோப்பில எழுதி வைச்சன்.

இண்டைக்கு அவ சொல்லுறா: "நீங்கள் தந்த பயிற்சியாலதான் மற்றக் காலாவது தப்பினது. பெரிய நன்றி."

அந்தக் கோப்பு எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில மேசையில கிடந்தது. நான் அதைத் திறக்கேல்லை.